பேசாத எண்ணுக்குக் கட்டிய பில்

கல்யாண மண்டபத்தில் யாராவது என் கணவரிடம் போன் நம்பர் கேட்டால், பத்து இலக்கத்தையும் சொல்லி முடித்துவிட்டு, கூடவே இன்னொன்றும் சொல்வார். "நம்முளுது போஸ்ட்பெய்டுங்க." கேட்டவர் அதைக் கேட்கவே இல்லை. எண்ணைப் பார்த்து அது போஸ்ட்பெய்டா ப்ரீபெய்டா என்று யாராலும் சொல்ல முடியாது. வெளியே தெரியாத ஒரு கௌரவத்துக்கு மாதாமாதம் தண்டம் கட்டுகிறோம் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன்.

கோயமுத்தூர் கணபதியில் எங்களுக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. கீழே கடை, மேலே வீடு. எரிந்துபோன பம்பு மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை வெட்டியெடுத்து, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். நான் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். இந்தக் கதையை ஆரம்பித்து வைத்தவள் அவள்தான். போன வருடம் போன் கட்டணத்தை மறுபடியும் ஏற்றினார்கள். அந்த வாரம் போனில் சொன்னாள்.

"அம்மா, என்ற கூடப் படிக்கறவங்கள்ல ஒருத்தருகூட போஸ்ட்பெய்டு வெச்சுக்கல. நாம கட்டற காசுல பாதிகூட ஆகாது. ப்ரீபெய்டுக்கு மாத்திருங்க."

அன்று சாப்பிடும்போது அவரிடம் பேச்சை எடுத்தேன்.

"ரீசார்ஜுப் பண்றதெல்லாம் அன்னாடங்காச்சிங்க வேலை அம்மணி," என்றார். "திடீர்னு லைன் நின்னுபோச்சுன்னா கஸ்டமரு நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

அன்னாடங்காச்சி. இவருடைய அப்பா காலை ஏழு மணிக்கு மில் கேட்டில் தினக்கூலிக்கு வரிசையில் நின்றவர். ஒரு தலைமுறை தாண்டுவதற்குள் அந்தச் சொல்லை இவ்வளவு சுலபமாகத் துப்ப முடிகிறது. பில்லைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

"அதெல்லாம் மெயில்ல வருது. பேங்க்குலயே பிடிச்சுக்கறான். நீயேன் அதையப் போட்டுக் கொழப்பிக்கற?"

முன்பெல்லாம் பில் காகிதமாக வீட்டுக்கு வரும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதை நிறுத்தி மெயிலுக்கு மாற்றினார். காகிதம் மிச்சம் என்று அப்போது சொன்னார். நானும் நம்பினேன். ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகளுக்கு விழுக்காடும் வட்டியும் சொல்லிக் கொடுப்பவள், சொந்த வீட்டுப் பில்லை ஒன்பது வருடம் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பெருமையும் எனக்கு இருக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், அவர் கடையில் இருக்கும்போது மெயிலைத் திறந்தேன். மகள் எப்போதோ போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டுதான். பில்லின் முதல் பக்கத்தில் ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பில் கட்டுகிற எந்தக் குடும்பமும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது பக்கத்தில் எண்கள். அவருடையது, கடையுடையது, என்னுடையது, மகளுடையது. அதற்குக் கீழே ஐந்தாவதாக ஒன்று.

அந்த எண்ணிலிருந்து போன மாதம் ஓர் அழைப்பும் போகவில்லை. ஒரு மெசேஜ் இல்லை. நெட் இல்லை. ஆனால் வாடகை மட்டும் இருந்தது. முந்தின மாதத்தைப் பார்த்தேன். அதற்கு முந்தின மாதம், அதற்கு முந்தின வருடம். மெயிலில் எவ்வளவு தூரம் பின்னால் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனேன். எல்லா மாதமும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், வாடகை.

கம்பெனிக்காரன் எங்களை மொட்டையடிக்கிறான் என்று முடிவு செய்தேன். அவருக்குச் சொல்லாமல் அன்று சாயந்திரமே நூறடி ரோட்டில் இருந்த ஷோரூமுக்குப் போனேன். வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். ஊசி போடுகிற ஆஸ்பத்திரிபோல ஏசி. முக்கால் மணி நேரம் கழித்து, கம்பெனி டீஷர்ட் போட்ட ஒரு பெண் என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள். பில்லைக் காட்டி, இல்லாத எண்ணுக்கு எப்படிப் பணம் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். அவள் கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"மேடம், இது சார் பேர்லதானுங்க இருக்குது. ரொம்ப வருசமா இருக்குதுங்க."

"அப்ப வெட்டிவிட்டுருங்க. மத்ததெல்லாம் ப்ரீபெய்டா மாத்திக் குடுங்க."

"சார் நேர்ல வரணுமுங்க மேடம். மாத்தறதா இருந்தா அந்தந்த நம்பருக்கே ஓடிபி போகுமுங்க. அதையச் சொன்னாத்தான் மாத்த முடியும். அதுக்குப் பதிலா இன்னும் பெரிய பிளான் ஒண்ணு இருக்குதுங்க, அதுல சினிமாப் பாக்கறது ஃப்ரீங்க."

செலவைக் குறைக்க வந்தவளிடம் பெரிய பிளானை நீட்டுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் அவளுக்குச் சம்பளம். வெளியே வந்து, ஷோரூம் படிக்கட்டு ஓரமாக நின்று, அந்த ஐந்தாவது எண்ணைக் கூப்பிட்டேன். உபயோகத்தில் இல்லை என்று பதிவுக்குரல் வரும், அதை ரெக்கார்ட் செய்து உள்ளே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டலாம் என்பது என் திட்டம்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். ஒரு பெண்.

"அண்ணா?"

ஒரே வார்த்தைதான். குரல் தெரிந்துவிட்டது. என் கணவரின் தங்கை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தாள். போக வர நேரமாகிறது என்று அவளுக்கு அந்தக் கனெக்‌ஷன் வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். கூட வேலை செய்த ஒருவரை அவள் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. எங்கள் பக்கம் அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் எங்கள் வீட்டு ஹாலில் சொந்தக்கார ஆண்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். பெரியவர் ஒருவர் கேட்க, என் கணவர் தரையைப் பார்த்தபடி, "எனக்குத் தங்கச்சி இல்லீங்க," என்றார். அதோடு போக்குவரத்து முடிந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், அந்தப் பன்னிரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தனியாக.

போனில் நான்தான் என்று சொன்னேன். "நங்கைங்களா?" என்றாள். எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அண்ணனுக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கறாரு. ப்ரீபெய்டுக்கு மாத்தலாமுன்னு வந்தேன். பில்லுல இந்த நம்பரு இருந்துச்சு."

ஒன்பது வருடம் கழித்து ஒரு மனுஷியிடம் பேசக் கிடைத்த முதல் வாக்கியம் இது. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

"எனக்கு வேற நம்பரு இருக்குதுங்க," என்றாள். "ப்ரீபெய்டுதான். இது பழைய பட்டன் போன்ல கெடக்குது. தெனமும் சார்ஜுப் போட்டு வெச்சுருவனுங்க."

"எதுக்கு?"

"லைன அண்ணன் வெட்டலையே. வெட்டாம வெச்சுருக்கறாருன்னா ஒரு நாளைக்குக் கூப்புடுவாருன்னு நெனச்சேன்."

"நீயே கூப்புட்டிருக்கலாமே கண்ணு?"

"அவருதானுங்க தங்கச்சி இல்லைன்னாரு. நானா அண்ணன் இல்லைன்னு சொன்னேன்?"

அவள் அழவில்லை. கோபமாகவும் பேசவில்லை. காங்கேயத்தில் இருக்கிறோம், சின்னதாகச் செக்குப் போட்டு எண்ணெய் ஆட்டுகிறோம் என்றாள். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கடைக்குள் போனேன். அவர் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்று எண்ணிக்கொண்டிருக்கும்போது அவரிடம் யாரும் பேசக் கூடாது. எண்ணிக்கை தவறினால் மொத்தத்தையும் அவிழ்க்க வேண்டும். நான் பேசினேன்.

"ஏனுங்க, அஞ்சாவது நம்பரு ஆருதுங்க?"

கை நின்றது. சுற்றிய கம்பியை மெதுவாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

"பில்லப் பாத்துட்டயா?"

"பாத்தேன். கூப்புட்டுப் பேசியும் போட்டேன்."

அப்போதுதான் நிமிர்ந்தார். "என்ன சொன்னா?"

"நம்பரு உங்ககிட்டத்தான் இருக்குது. நீங்களே கேட்டுத் தெரிஞ்சுக்கங்க."

பள்ளியில் ஒரு டீச்சரிடம் இதைச் சொன்னபோது, அவர் கண் கலங்கி, "எவ்வளவு பாசமுங்க அந்த மனுசனுக்கு," என்றார். எனக்கு அன்று முழுக்க எரிச்சல் தீரவில்லை. எது பாசம்? அளவில்லாமல் பேசிக்கொள்ளலாம் என்கிற பிளான் அது. ஒன்பது வருடம் அதற்குப் பணம் கட்டி, ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. பன்னிரண்டு ஆண்களுக்குப் பயந்தவர், அண்ணனாக இருக்கிற வேலையைப் பேங்க்கிடம் ஒப்படைத்துவிட்டார். மாதம் பிறந்தால் அது தானாகவே கழித்துக்கொள்ளும். இவர் விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. யாருக்கும் தெரியாது, யாரும் கேட்க மாட்டார்கள், மனசும் சும்மா இருக்கும். இதற்குப் பாசம் என்று பெயர் வைத்தால் உண்மையான பாசத்துக்கு வேறு வார்த்தைதான் தேட வேண்டும். நான் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. நான் அதுவும் செய்யவில்லை. அவள் என்ன ஆனாள் என்று கேட்பதற்கு எனக்கு ஒரு பில் தேவைப்பட்டது.

போஸ்ட்பெய்டு கௌரவத்தின் ரகசியம் அப்போதுதான் புரிந்தது. ப்ரீபெய்டுக்கு மாறினால், ஒரே பில்லுக்குள் ஒளிந்திருந்த அந்த எண் தனியாகும். மாற்றுவதற்கே ஓடிபி கேட்டு அவளிடம் பேச வேண்டும். கஸ்டமராவது, மானமாவது.

இரண்டு வாரம் இழுத்தடித்தார். முதலில் கடையில் வேலை அதிகம் என்றார். பிறகு ஆடி முடியட்டும் என்றார். சிம் மாற்றுவதற்கு ஆடி பார்க்கிற முதல் மனுஷன் இவராகத்தான் இருக்க வேண்டும். கடைசியில் நான் சொல்லிவிட்டேன். "நீங்க வந்து அந்தப் புள்ளகிட்ட ஓடிபி வாங்குனா மாத்தலாம். இல்லாட்டிப் போனா அந்த லைன வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்துருங்க. ரெண்டுல ஒண்ணு." வெட்டு என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. அதே ஷோரூம், அதே பெண். அவருடைய எண்ணுக்கு ஓடிபி வந்தது, சொன்னார். கடை எண்ணுக்கு வந்தது, என்னுடையதற்கு வந்தது, மகளைக் கூப்பிட்டு அவளுடையதையும் வாங்கிச் சொன்னோம். பிறகு அந்தப் பெண், "சார், அஞ்சாவது நம்பருக்குப் போயிருக்குதுங்க," என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பார்த்தேன்.

"நீ கேளு அம்மணி."

"நானெதுக்குங்க? லைனு உங்க பேர்லதான் இருக்குது."

"சார், பத்து நிமிசத்துல முடிஞ்சு போயிருமுங்க," என்றாள் அந்தப் பெண்.

எடுத்தார். போனில் எண்ணைத் தேடவில்லை. நேராக அழுத்தினார், மனப்பாடமாக. காதில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுப் பக்கமாகத் திரும்பி நின்றார்.

"ம். நாந்தான். ஓடிபி வந்துருக்குதா?"

மேஜையிலிருந்து பேனாவை வாங்கி உள்ளங்கையில் ஆறு இலக்கம் எழுதினார். "சரி," என்று சொல்லி வைத்துவிட்டார். ஒன்பது வருடத்துக்கு அவ்வளவுதான். அந்தப் பெண் கையைப் பார்த்துத் தட்டினாள். தப்பு என்று வந்தது. கம்பி சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன உள்ளங்கையில் மை சரியாக விழவில்லை. கடைசி எண் ஏழா நாலா என்று அவருக்கே தெரியவில்லை.

மறுபடியும் கூப்பிட வேண்டியிருந்தது. இந்தத் தடவை திரும்பி நிற்க மறந்துவிட்டார். முகம் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"கடைசில இருக்கறது ஏழா, நாலா?... ஏழா. சரி." வைக்கப் போனவர் வைக்கவில்லை. "சாப்டயா?" என்றார்.

பதினோரு மணிக்கு யார் என்ன சாப்பிடுவார்கள்? அவள் என்ன சொன்னாளோ தெரியவில்லை. "ம், ம்" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்தார். மேஜைமேல் இருந்த தண்ணீரைக் கேட்காமலே எடுத்து முழுசாகக் குடித்தார். அது அந்தப் பெண்ணுடைய தண்ணீர்.

பணம் மிச்சமானதா என்றால், ஆனது. மகள் சொன்னது சரிதான், பாதிகூட ஆகவில்லை. இருபத்தெட்டு நாளை ஒரு மாதம் என்று சொல்லி வருடத்துக்குப் பதின்மூன்று மாதம் வாங்குகிற திருட்டுத்தனம் இதிலும் உண்டு. கணக்கு டீச்சராக அதை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஆனாலும் அவருக்கு ஒரு கஸ்டமரும் குறையவில்லை. அவர் எந்த பிளானில் இருக்கிறார் என்று கோயமுத்தூரில் ஒரு மனிதர்கூடக் கேட்கவில்லை.

முதல் தடவை ஐந்து எண்ணுக்கும் அவரே ரீசார்ஜ் செய்தார். இரண்டாவது தடவைக்கு நேரம் வந்தபோது, தங்கை தன்னுடைய சொந்த எண்ணிலிருந்து கடைக்குக் கூப்பிட்டாள். அதை அவர் என்னிடம் வந்து சொன்ன விதம், யாரோ அவரை அடித்துவிட்டதுபோல இருந்தது.

"அந்த நம்பருக்கு இனிமேப் பணம் போட வேண்டாமுன்னு சொல்லிப்போட்டா. அது நின்னுட்டுப் போவுதாமா. பேசறதா இருந்தா இந்த நம்பருல பேசுங்க, இல்லாட்டி விட்டுருங்கன்னா."

எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. கட்டுவதற்கு ஒரு பில்கூட இல்லாமல் அண்ணனாக இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தார். கூப்பிடவில்லை.

அப்புறம் அவர்களுடைய செக்கு மோட்டார் எரிந்தது. உள்ளூரில் கொடுத்தால் நாலு நாள் ஆகும் என்றார்களாம். அவள் எனக்குத்தான் போன் செய்து சொன்னாள், சும்மா பேச்சோடு பேச்சாக. நான் போனை அவர் கையில் கொடுத்தேன். மோட்டார் என்றதும் அவருக்குக் குரல் வந்துவிட்டது. எத்தனை ஹெச்பி, என்ன சத்தம் வந்தது, புகை எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டார். தங்கையிடம் பேச வராத மனிதருக்கு மோட்டாரைப் பற்றி அரைமணி நேரம் பேச வந்தது.

"கொண்டாரச் சொல்லு. ஒரே நாள்ல சுத்திக் குடுத்தர்றேன்," என்றார்.

மறுநாள் காலையில் அவளுடைய வீட்டுக்காரர் சின்ன டெம்போவில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்தார். அவரை நாங்கள் இருவரும் அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறோம். மெலிந்த மனிதர், வேட்டியில் எண்ணெய்க் கறை. கடை வாசலில் இரண்டு பேரும் மோட்டாரைப் பார்த்தார்களே தவிர ஒருவரையொருவர் பார்க்கவில்லை. என் கணவர் பேக்கரிக்குப் போன் செய்து டீ சொன்னார். பேப்பர் கப்பில் வந்தது. பேப்பர் கப் வந்த பிறகு எங்கள் ஊரில் எல்லோருமே நல்லவர்களாகிவிட்டார்கள். யாருக்கு எந்த டம்ளர் என்ற பிரச்சினையே இல்லை. குடித்துவிட்டுத் தூக்கி எறிந்துவிடலாம், மனசையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது பொறுக்கவில்லை. கீழே இறங்கிப் போனேன்.

"அங்கயே ஏனுங்க நிக்கறீங்க? மேல வாங்க, டிபன் சாப்புடலாம்."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் மோட்டாரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. ஸ்பேனரைத் திருப்பியபடியே, "போங்க மாப்ள," என்றார்.

அதற்கு மேல் அன்று அவரிடம் எதிர்பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் மேலே வந்து, எங்கள் தட்டில் ஆறு இட்லி சாப்பிட்டார். தங்கைக்கு எந்தச் சட்னி பிடிக்கும் என்பது எனக்கு மறந்திருந்தது. அவர் சொன்னார். சாயந்திரம் மோட்டார் ஓடியது. கூலி கொடுக்க அவர் பையில் கை விட, இவர் வேண்டாம் என்று கையைப் பிடிக்க, இரண்டு பேரும் டெம்போவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றார்கள். முடிவில் பாதியைக் கொடுத்து, பாதியை வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு, நான் மட்டும் சிங்காநல்லூரில் பஸ் ஏறிக் காங்கேயம் போனேன். என் கணவருக்கு வேலை இருக்கிறதாம். கதவைத் திறந்தது நாலு வயசுப் பெண் குழந்தை. இவருடைய மூக்கு, இவருடைய அதே பிடிவாதமான தாடை. "நீங்க ஆருங்க?" என்று கேட்டது. உள்ளேயிருந்து வந்த தங்கைதான், "அத்தை கண்ணு, மாமனூட்டு அத்தை," என்று சொன்னாள். பகல் முழுக்க அவர்களோடு இருந்தேன். அவள் பழசு எதையும் எடுக்கவில்லை. நானே மன்னிப்புக் கேட்டேன். "நீங்க ஒருத்தரு என்னங்க பண்ணியிருக்க முடியும்?" என்றாள். நிறைய பண்ணியிருக்க முடியும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

திரும்பி வந்தபோது அவள் கொடுத்த எண்ணெயை மேஜையில் வைத்தேன். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். இரவு தோசைக்கு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, நல்ல எண்ணெய் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க ஆரெல்லாம் இருக்கறாங்க?" என்று கேட்டார்.

"போய்ப் பாருங்க," என்றேன். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஒன்பது வருடம் மெயிலில் ஒளித்து வைத்தவருக்கு நான் ஏன் உட்கார்ந்த இடத்தில் செய்தி கொண்டுவந்து கொடுக்க வேண்டும்?

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுசாகச் சுற்றிய மோட்டாரைச் சூடேறுகிறதா என்று ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றார். டூல்ஸ் பையை எடுத்து வைத்துக்கொண்டார். குளித்து, ஷேவ் செய்து, தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். மோட்டார் பார்க்கப் போகிறவன் எவனும் வெள்ளைச் சட்டை போடுவதில்லை. பல்லடம் வழியாகப் போனால் கூட்டம் குறைவு என்று மட்டும் சொன்னேன்.